சீல் வைத்த பாட்டு

திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஓய்வு நேரத்தில் ஏதாவது ஒரு நாகரிகம் வேண்டியிருக்கிறது. ஒரு வருஷம் எல்லார் வீட்டிலும் மீன் தொட்டி வந்தது. மீன்கள் செத்ததும் நடைப்பயிற்சி மெஷின் வந்தது. 2004-ல் சவுண்ட்போர்டு பதிவு வந்தது.

ராக் கச்சேரியில் கூட்டத்துக்கு நடுவே மைக்கை நீட்டினால் பக்கத்து ஆளின் தும்மலும் சேர்ந்து பதிவாகும். ஒலிகளைக் கலந்து தரும் மேடை மிக்ஸரிலிருந்தே ஒயர் போட்டுப் பிடித்தால் பாட்டு மட்டும் சுத்தமாக விழும். அதுதான் சவுண்ட்போர்டு. குமாரசாமி என்கிற ஏற்றுமதியாளரை, அவரிடம் சரக்கு வாங்கும் ஜெர்மன் பையர் ஒருமுறை ராக் கச்சேரிக்குக் கூட்டிப்போனார். காதில் பஞ்சு வைத்து உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவர், ஊர் திரும்பியதும் ‘நேரடி ராக் பதிவுகள் தர நிர்ணயச் சங்கம்’ தொடங்கித் தாமே தலைவரானார். மங்கலம் ரோட்டில் ஆபீஸ், ஏசி, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் உண்டு. சங்கத்தின் ஸ்டாம்ப் இல்லாத கேசட்டை ஊரில் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் வெளியில் சொல்வதில்லை.

பதிவுகளைச் சோதிக்க அங்கமுத்து நியமிக்கப்பட்டார். ஆயுள் முழுக்கப் பனியன் செக்கிங்கில் இருந்தவருக்குத் தெரிந்த முறை ஒன்றுதான்: பையர் ஒப்புக்கொண்ட சாம்பிளோடு சரக்கு ஒத்துப்போக வேண்டும். இங்கே சாம்பிள் என்பது கடையில் விற்கும் ஆல்பம். மேடையில் ஒருவர் உருகிப்போய்க் கிட்டாரைக் கூடுதலாக வாசித்தால் ‘அளவு அதிகம்’. பாடகர் குரல் தழுதழுத்தால் ‘ஷேடு மாறுது’. ரிஜெக்ட் ஆன சரக்கு மார்க்கெட்டுக்குப் போய்விடக் கூடாதே, அதனால் நாடாவைக் கத்தரித்துத்தான் திருப்பித் தருவார்கள். அதுவரை பாஸானது ஒரே கேசட். அந்தக் கச்சேரியில் குழு வாயை மட்டும் அசைத்துவிட்டு ஆல்பத்தையே ஓடவிட்டிருந்தது.

இந்தச் சங்கத்துக்குத்தான் ஜெயபாண்டி தன் கேசட்டைக் கொண்டுவந்தான். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குமாரசாமியின் கம்பெனியில் பையர்களோடு ஆர்டர் பேசும் மெர்ச்சண்டைசராக இருந்தவன். கல்லூரியில் குழு சேர்த்து, சொந்தமாகப் பாட்டுக் கட்டி, ஒரே ஒரு கச்சேரி செய்திருந்தான். அதில் மிஞ்சியது அந்த ஒரு சவுண்ட்போர்டு கேசட்தான். ஏற்கெனவே நகல் எடுக்கப்பட்ட மூலக் கேசட்டைச் சங்கம் தொடாது என்பதால் நகலும் எடுக்கவில்லை. ஊர் உட்கார்ந்து தன் பாட்டை ஒரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. பாவம், நியாயமான ஆசைதான்.

அங்கமுத்து கத்தரிக்கோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“ஏனுங்க தம்பி, இதுக்கு சாம்பிள் எங்கீங்க?”

“சாம்பிள் இல்லண்ணே. நாங்க ஆல்பமே போடல.”

“அப்பறம் எதோட ஒத்துப் பாக்கறதுங்க?”

“ஒத்துப் பாக்க வேணாம்ணே. ஒரு தடவ கேட்டுப் பாருங்க, போதும்.”

“கேக்கறதுக்கு நாம என்ன ரசிகருங்களா? ஆபீசருங்க.”

விவகாரம் தலைவரிடம் போனது. குமாரசாமி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “சாம்பிள் இல்லாத சரக்குன்னா ரிஜெக்ட்டு தானுங்க.”

அங்கமுத்து கத்தரிக்கோலை எடுத்தார். ஜெயபாண்டிக்கு உயிரே போய்விட்டது. வாய்க்கு வந்ததைச் சொன்னான். “மொதலாளி, அப்ப இதையே சாம்பிளா வச்சுக்கங்க.”

சங்க வரலாற்றில் யாரும் இவ்வளவு நிர்வாகத் திறமையோடு பேசியதில்லை. கேசட் உடனே சாம்பிளாக ஏற்கப்பட்டது. பிறகு அதுவே சரக்காகவும் சமர்ப்பிக்கப்பட்டது. ஒரே கேசட்டை ஒரே நேரத்தில் இரண்டு டேப்ரிக்கார்டரில் போட முடியாதாகையால், ஒப்பீடு ஸ்கேலாலும் தராசாலும் நடந்தது. மயிரிழை வித்தியாசமில்லை.

“என்ற சர்வீசுல இப்படியொரு மேட்ச் பாத்ததில்லீங்க,” என்று அங்கமுத்து கண் கலங்கினார்.

“அப்ப இப்பப் போட்டுக் கேக்கலாமா மொதலாளி?”

“அதெப்படிக் கண்ணு? அப்ரூவ்டு சாம்பிள் ஆச்சே. சீல் வெக்கோணும்.”

“நான் மட்டுமாச்சும் கேட்டுக்கிறேனே.”

“சீல் ஒடைஞ்சா ரிஜெக்ட்டுங்க. கத்தரி போடோணும்.”

பாலிதீன் பை, அட்டை, இருவர் கையெழுத்து, மேலே அரக்கு. கேசட் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. தமிழ்நாட்டிலேயே மிகச் சிறந்த சவுண்ட்போர்டு பதிவு என்று எழுதி வைத்தார்கள். வெள்ளகோவிலிலிருந்தெல்லாம் ஆட்கள் காரில் வந்து, பெட்டிக்கு முன்னால் நின்று, தலையை மெல்ல ஆட்டிவிட்டுப் போகிறார்கள். ஜெயபாண்டி கொஞ்ச நாள் வாடிய முகத்தோடு நின்றான். பாராட்டு குவியக் குவியத் தெளிந்துவிட்டான். இப்போது சங்கத்தின் செயலாளரே அவன்தான். யாராவது கேசட்டோடு வந்தால் சாம்பிள் எங்கே என்று முதலில் கேட்கிறான்.

நானும் போன வாரம் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். பாட்டு பிரமாதம். டிரம்ஸ்தான் கொஞ்சம் தூக்கல்.