கடுவாக்குழியின் உயர்தரக் குளிர்

உலகத்தில் அமைதி குறைந்துவருகிறது என்பதை முதன்முதலில் கண்டுபிடித்த பெருமை எங்கள் நாகர்கோவில் 'மலையழகு ரசிகர் சங்க'த்தையே சாரும். கோட்டாற்றுச் சந்தை இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்து கண்டுபிடித்தோம் என்பதால் முடிவில் சந்தேகத்துக்கு இடமில்லை.

கொல்லம் ஆண்டு 1104, துரைமார் கணக்கில் 1929. சங்கத் தலைவர் வக்கீல் டைட்டஸ் ஓர் ஆங்கிலப் பத்திரிகை படித்தார். கிரேக்க தேசத்துத் தீவொன்றில், மலைமேல், பழைமை மாறாத ஒரு கிராமம் இருக்கிறதாம். அங்கே ஆடுகள்கூடத் தணிந்த குரலில்தான் கத்துமாம். அதைப் பார்க்கவே துரைமார் கப்பலேறிப் போகிறார்களாம். டைட்டஸுக்குத் தேசபக்தி தாங்கவில்லை. நாஞ்சில் நாட்டுக்கும் அப்படி ஒரு கிராமம் உடனடியாக வேண்டும் என்று கூட்டத்தில் முழங்கினார்.

தெய்வாதீனமாக ஒன்று இருந்தது. கடுவாக்குழி என்ற மலையூரின் மக்கள் தங்களுக்கு ஒரு தர்ம வைத்தியசாலை கேட்டு மனுப் போட்டிருந்தார்கள். 'நேரில் பார்த்து அபிப்பிராயம் தெரிவிக்கவும்' என்று சர்க்கார் எங்கள் சங்கத்தைக் கேட்டிருந்தது. ஆகவே, சர்க்கார் செலவில் கிரேக்க யாத்திரை என்று ஏகமனதாக நிறைவேறியது.

வில்வண்டி அடிவாரத்தோடு நின்றுவிட்டது. மேலே நடந்தோம். பொருளாளர் முகம்மது ஹனீபா, கோட்டாற்று ஜவுளி வியாபாரி, ஒவ்வொரு வளைவிலும் உட்கார்ந்து இயற்கையை ரசித்தார். மூச்சு வந்ததும் எழுந்தார்.

அமைதி என்றால் அதுதான் அமைதி. பட்டப்பகலில் தெருவில் ஆளில்லை. மரச்சீனிக்கிழங்கு விளையில் ஒரு மண்வெட்டி மட்டும் தனியாக நின்றது. வீட்டு வாசல்களில் ஆணும் பெண்ணும் கந்தல் கம்பளியைப் போர்த்துப் படுத்திருந்தார்கள். நவீன உலகத்தின் அவசரம் தீண்டாத மக்கள் என்றார் டைட்டஸ்.

நிமிர்ந்து நின்றவள் பூங்கனி என்பவள் ஒருத்திதான். எங்களைச் சர்க்கார் அனுப்பிய வைத்தியர்கள் என்று எண்ணி, டைட்டஸை "டாக்டரே" என்று அழைத்தாள். அந்தப் பட்டத்தின்மேல் அவருக்கு நெடுநாள் ஆசை. திருத்தவில்லை.

"இங்க குளிர் எப்படிம்மா?" என்று கேட்டார்.

"நல்ல குளிரு டாக்டரே. எல்லா வீட்டுலயும் உண்டு."

"எப்பவும் இருக்குமா?"

"ஒருநாள் விட்டு ஒருநாள், முறை தப்பாம வரும்."

டைட்டஸின் கண்கள் கலங்கின. சீதோஷ்ணமே முறை தவறாத ஊரை அவர் இதற்குமுன் கண்டதில்லை.

"எனக்க மவளுக்குக் காலையில தொடங்கிச்சு. பல்லு கிட்டிப்போச்சு. வல்ல மருந்தும் உண்டுமா?" என்றாள் பூங்கனி.

அதற்குள் செய்தி பரவி, நாடி பார்ப்பதற்காக வாசல்தோறும் கைகள் நீண்டன. டைட்டஸ் ஒன்றுவிடாமல் பிடித்துக் குலுக்கினார். பண்டைக்காலத்தில் கிரேக்க மாலுமிகள் குளச்சலில் இறங்கி இந்த வழக்கத்தை இங்கே விட்டுப்போயிருக்க வேண்டும் என்று விளக்கினார். உண்மையில் குலுக்கும் சிரமமே எங்களுக்கு இல்லை. நாங்கள் தொடுமுன்பே கைகள் குலுங்கிக்கொண்டிருந்தன.

"வக்கீல் சாரே, இவங்களுக்கு வெறைக்கில்லா செய்யுது?" என்று ஹனீபா காதோடு கேட்டார்.

"மேல்காத்து," என்றார் டைட்டஸ்.

கம்பளிக்கடியில் சுருண்டுகிடந்த பூங்கனியின் மகளுடைய நெற்றியையும் தொட்டுப் பார்த்தார். இத்தனை குளிரிலும் உடம்பில் சூடு குறையாமல் வைத்திருப்பது மலைக்காற்றின் வீரியம் என்று வியந்தார். ஊரை இப்படியே பாதுகாப்பதாக வாக்களித்தார். மருந்து வரப்போகிறது என்று நினைத்துப் பூங்கனி கும்பிட்டாள்.

எங்கள் அபிப்பிராயம் தர்க்க சுத்தமானது. வைத்தியசாலை வந்தால் மருந்து வரும். மருந்து வந்தால் படுத்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். எழுந்தால் நடப்பார்கள், பேசுவார்கள், அமைதி கெடும். ஆகவே வேண்டாம். சர்க்கார் எங்களைப் பாராட்டியது.

கொஞ்ச நாளில் சங்கமே நடுங்கத் தொடங்கியது. ஹனீபா கடையில் அளந்த துணியெல்லாம் நீளம் மாறிப்போயிற்று. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்து, "மலேரியா" என்றார். வக்கீலுக்கே வந்துவிட்டது என்றதும் சர்க்கார் திடுக்கிட்டு விழித்தது. கடுவாக்குழிக்காக ஒதுக்கிய தொகை சும்மா கிடந்ததால், எங்கள் சங்கத்துக்கு எதிரிலேயே வைத்தியசாலை எழும்பியது. தஸ்தாவேஜு பிசகக்கூடாது என்று வாசலில் 'கடுவாக்குழி தர்ம வைத்தியசாலை' என்றே பலகை மாட்டினார்கள். மலையைத்தான் நகர்த்த முடியாது. ஆஸ்பத்திரியைத் தாராளமாக நகர்த்தலாம்.

ஊர்ப்பெயரில் ஆஸ்பத்திரி திறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, பூங்கனி மகளை முதுகில் சுமந்துகொண்டு மலையிறங்கி வந்தாள். மலேரியாவுக்கான கொயினா மாத்திரை நகரவாசிகளுக்கு மட்டும் என்று கம்பவுண்டர் வழிமறித்தார். அவள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, டைட்டஸின் கட்டிலருகே நின்றாள்.

"பேரு எங்க ஊருக்க பேரு. மருந்து மட்டும் உங்களுக்கா?"

மூன்று கம்பளிக்கடியிலிருந்து டைட்டஸ் தலையை நீட்டினார். பற்கள் தந்தியடித்தன. ஆனாலும் குரலில் கருணை குறையவில்லை.

"சும்மா பயப்படாத, எம்மா. உன் மகளுக்கு இருக்கது குளிர். எங்களுக்கு வந்திருக்கதுதான் காய்ச்சல்."