பாவாடைக் காளான்

ஹென்றி அந்தக் காளானுக்கு முன்னால் மண்டிபோட்டு இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. இன்னும் எழுந்திருக்காவிட்டால் ஜெபம் செய்கிறார் என்று நினைத்துவிடுவார்கள்.

"இது இன்னா காளான் அங்கிள்?" என்று பக்கத்தில் நின்ற ஜோ மரியாதையாகக் கேட்டான். கையில் நோட்டு, பேனா.

திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஜோவைத்தான் ஹென்றியின் மகள் ரூத் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். "அவருக்குக் காளான்னா உசுருப்பா. ஒண்ணும் தெரியாத மாதிரி முழிச்சிடாத" என்று ஒரு வாரமாக ஹென்றியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ரெஜினா டீச்சர், மழைக்கு முளைத்த காளான்களைக் காட்டுவதற்காக, கொருக்குப்பேட்டையில் பாழடைந்து கிடக்கும் ரயில்வே குவார்ட்டர்ஸ் தோப்புக்குப் பத்துப் பேரைக் கூட்டி வந்திருந்தார். அப்பாவையும் ஜோவையும் அதில் சேர்த்துவிட்டது ரூத்தான்.

துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டிய ஹென்றிக்குக் கப்பலைத் தெரியும், மீனைத் தெரியும். காளானைப் பார்த்தால் குடை ஞாபகம்தான் வரும். அதனால் யூடியூபில் கேட்ட நான்கு பெயர்களை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இப்போது மெல்ல விரித்துப் பார்த்தார். தூறலில் நான்கும் கரைந்து, கை முழுக்க நீலமாகியிருந்தது.

குனிந்து காளானின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். மடிப்பு மடிப்பாக இருந்தது.

"பாவாடைக் காளான்" என்றார்.

சொன்னதும் காது சூடாகிவிட்டது. ஆனால் ஜோ தலையாட்டி எழுதிக்கொண்டான்.

"ஆமா அங்கிள், பாவாடையேதான். இதுல ஆம்பளப் பாவாடை, பொம்பளப் பாவாடைன்னு ரெண்டு கீது. இது பொம்பள."

ஹென்றி உள்ளங்கையை இறுக மூடிக்கொண்டார். பையன் லேசுப்பட்டவன் இல்லை. இனி அவன் கேட்பதற்குள் நாம் கேட்டுவிடுவதுதான் நல்லது என்று முடிவு செய்தார். விழுந்து கிடந்த தூங்குமூஞ்சி மரத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்ததைக் காட்டினார்.

"இத நீ சொல்லு நைனா, பாப்போம்."

ஜோ கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தான். "நண்டுக்காது அங்கிள்."

நண்டுக்கு ஏதுடா காது என்று வாய்வரை வந்துவிட்டது. ஹென்றி அதை அப்படியே விழுங்கினார்.

"கரெக்டா சொன்ன. காசிமேட்டுல இத நண்டுச்செவின்னுவாங்க."

அதற்குப் பிறகு இருவரும் நிற்கவில்லை. தொப்பிக் காளான், பாதிரிக் காளான், குட்ஸ் வண்டிக் காளான். அவர் ஒன்று சொன்னால் இவன் அதற்கு அண்ணன் தம்பி இரண்டைச் சேர்த்தான். ஒரு மணி நேரமாக யாரும் தன்னை மறுத்துப் பேசவில்லை என்பது ஹென்றிக்கே ஆச்சரியமாக இருந்தது. எப்போது பையனின் தோளில் கை போட்டார் என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

அந்தக் குஷியில்தான் வாய் நீண்டுவிட்டது. சுவரோரம் சப்பாத்தி அளவுக்கு வெள்ளையாக விரிந்திருந்த ஒன்றைப் பிடுங்கி, "இத நெய்ல வதக்கினா ஆட்டுக்கறி தோத்துடும்" என்றார்.

"வதக்கவே வேணாம் அங்கிள். பச்சையாவே துன்னலாம்" என்றான் ஜோ.

சொன்ன பிறகு இருவரும் கொஞ்ச நேரம் அந்தக் காளானையே பார்த்தார்கள். பின்வாங்கினால் மானம் போய்விடும். ஹென்றி அதை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை நீட்டினார்.

"துன்னு."

"பெரியவங்க மொதல்ல."

"மாப்ள மொதல்ல."

வார்த்தை தானாக வந்து விழுந்தது. ஜோவின் முகம் மலர்ந்துவிட்டது. மாப்பிள்ளை என்று சொன்னவர் கொடுப்பதை எப்படி மறுப்பது? அவன் கண்ணை மூடிக்கொண்டு வாயருகே கொண்டுபோனான். அவனை மட்டும் தனியாக விட மனசு வராமல் ஹென்றியும் கொண்டுபோனார்.

"கீழ போடுங்க ரெண்டு பேரும்" என்று ரெஜினா டீச்சர் ஓடி வந்து இருவர் கையையும் தட்டிவிட்டார். "அடியில பச்சை நிறமா இருக்கு பாருங்க. தின்னா ரெண்டு நாள் ஆஸ்பத்திரிதான்."

ஹென்றி ஜோவைப் பார்த்தார். "நீ காளான்ல புலின்னு ரூத்து சொல்லிச்சே."

"உங்களத்தான் புலின்னு சொல்லிச்சு அங்கிள். நானு பட்டறைய மூடிட்டு நாலு நாளா படிச்சேன். ஒண்ணும் ஏறல."

இருவரும் ரூத்தைத் தேடினார்கள். அவள் தொலைவில் ஒரு மரத்தடியில் நின்று, இவர்கள் பக்கம் திரும்பாமல் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

ரெஜினா டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "தெரிஞ்ச விஷயத்தப் பேசினா ரெண்டு பேரும் பத்தே நிமிஷத்துல சட்டையப் புடிச்சுக்குவீங்கன்னு அவளுக்குத் தெரியும் சார். ரெண்டு பேருக்குமே சுத்தமா தெரியாத விஷயம் எதுன்னு ஒரு மாசமா தேடினா."