லெகிக்கு நீயா, நீங்களா?

கிளாத்தென்,
ஞாயிறு காலை

மதிப்பிற்குரிய ஹர்ஜித்தோ அண்ணனின் முழங்காலில் நெற்றி வைத்து வணங்கித் தம்பி பிரசோஜோ எழுதுவது. இங்கே நான், ருமியாத்தி, குழந்தை லராஸ் மூவரும் நலம். நாலாவதாக ஒருவர் இருக்கிறார். அவரும் நலம் என்றுதான் லராஸ் சொல்கிறாள். மாலாங்கில் மழை விட்டதா, அண்ணியின் இடுப்பு வலி எப்படி என்றெல்லாம் முறையாகக் கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பொறுமையில்லை.

நான் கப்பலில் சமையல் வேலைக்குப் போனபோது லராஸுக்கு இரண்டு வயது. இரண்டு மாதம் முன்பு திரும்பி வந்தபோது ஆறு. இடையில் அவள் என்னைப் பார்த்ததெல்லாம் போனில்தான். ஞாயிறுதோறும் அவள் அம்மா ருமியாத்தி பின்னால் நின்று காதில் ஓத, "அப்பா நலமா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா?" என்று உயர்ந்த பேச்சில் ஒரு சொல் பிசகாமல் கேட்பாள். பெரியவர்களிடம் நம் பிள்ளைகள் அப்படித்தானே பேச வேண்டும் என்று நானும் பூரித்துப்போவேன். இப்போது அவளுக்கு எதிரே, கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன் அண்ணா, இப்போதும் "அப்பா நலமா இருக்கீங்களா?" என்றுதான் கேட்கிறாள். நலம் என்றால், "சரிங்கப்பா, வச்சிடட்டுங்களா?" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். எதை வைப்பது? பக்கத்து வீட்டு சுமினா அக்கா, "என்ன மரியாதை, என்ன மரியாதை! எங்க வீட்லயும் இருக்குதே ஒண்ணு" என்று மெச்சுகிறாள். எனக்கு வயிறு எரிகிறது.

எரியாமல் என்ன செய்யும்? அதே வாய், கூடத்துப் பிரம்பு நாற்காலியைப் பார்த்து, "டேய் லெகி, மூஞ்சியெல்லாம் மிளகாய்ச் சம்பல், தொடைடா" என்கிறது. நாற்காலியில் ஒருவரும் இல்லை. நம் ஐந்து நாள் சந்தைச் சுற்றில் லெகி நாளன்று வந்தானாம், அதனால் அந்தப் பெயராம். நான் ஊரில் இல்லாத காலத்தில் அவளே உண்டாக்கிக்கொண்ட கூட்டாளி. அவனோடு பேசும்போது வீட்டுப் பேச்சு, நீ, வா, போ, ஒரே சிரிப்பு. பெற்ற அப்பனுக்கு 'நீங்க', இல்லாதவனுக்கு 'நீ'. எனக்கும் அந்த 'நீ' வேண்டும் அண்ணா. ஊர் சிரிக்கும், இருந்தாலும் வேண்டும்.

முதல் வேலையாக அவனை என் நாற்காலியிலிருந்து எழுப்புவது என்று முடிவு செய்தேன். ஆனால் எந்தப் பேச்சில் எழுப்புவது? முப்பது வருடம் பள்ளியில் நம் ஜாவா மொழியைச் சொல்லிக்கொடுத்த உங்களுக்குத் தெரியாததா, எதிரே இருப்பவரின் வயதும் தகுதியும் தெரியாமல் நம்மால் 'தள்ளி உட்கார்' என்றுகூடச் சொல்ல முடியாதே! லராஸையே விசாரித்தேன்.

"லெகிக்கு என்ன வயசும்மா?"

"தாத்தாவை விட வயசு அதிகங்கப்பா. மீசை இருக்கு."

"அப்போ நான் 'நீங்க'ன்னு கூப்பிடணுமா?"

"ஒண்ணாம் கிளாஸ்தாங்கப்பா படிக்கிறான்."

"எப்போ பிறந்தானாம்?"

"இன்னும் பிறக்கலீங்கப்பா." கொஞ்சம் யோசித்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை மட்டும் குதிரைங்கப்பா" என்றாள்.

ருமியாத்தி அடுப்படியிலிருந்து, "பொறக்காதவன் எல்லாருக்கும் சின்னவன்தானே, 'நீ'ன்னே சொல்லுங்க" என்றாள். மீசைக்கு என்ன செய்ய என்றேன். "மீசைக்கு மட்டும் 'நீங்க' போடுங்க" என்றாள். இவளிடம் போய்க் கேட்டேன் பாருங்கள்.

எதற்கும் இருக்கட்டும் என்று உயர்ந்த பேச்சிலேயே, கைகட்டி நின்று, "ஐயா, தாங்கள் அருள்கூர்ந்து சற்றே எழுந்தருள வேண்டும்" என்றேன். லராஸ் முகத்தைச் சுளித்து, "அவனுக்கு அதெல்லாம் புரியாதுங்கப்பா, விருந்தாளிங்ககிட்டதான் அப்படிப் பேசுவாங்க" என்றாள். சுருக்கென்றது.

ஆனால் அதன்பிறகு எனக்குக் கோபத்தைவிட ஆச்சரியம் அதிகமாகிவிட்டது. அவனுக்கு நீச்சல் தெரியாதாம், அதனால் ஆற்றுப் பக்கம் வரமாட்டானாம். "நீதானே அவனை உண்டாக்கினே, நீச்சல் தெரிஞ்சவனா உண்டாக்க வேண்டியதுதானே?" என்றேன். "தெரியலைங்கிறான், நான் என்னங்கப்பா பண்றது?" என்றாள். நாமே உண்டாக்கியது நம் பேச்சைக் கேட்காமல் போவது எப்படி? நான் வைக்கும் குழம்பிலும் சில நாள் என்னைக் கேட்காமல் உப்பு ஏறிவிடும்தான். ஆனால் குழம்பு ஆற்றுக்குப் பயப்படாது. பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது, ருமியாத்தியிடம் சொல்லாதீர்கள். கப்பலில் வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் நானும் ஒருத்தியோடு பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு வயது லராஸ். அவளுக்கு நாலு வருடமும் இரண்டே வயது. என்னை 'நீ' என்றுதான் சொல்வாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், அவள் இல்லை.

இருந்தாலும் நாற்காலி என் நாற்காலிதானே? சென்ற வாரம் லெகிக்கு ஊர் சுற்றிப் பார்க்க ஆசை என்று லராஸ் சொன்னதும் பிடித்துக்கொண்டேன். அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, அவனுக்கும் ஹெல்மெட் வேண்டும் என்று அவள் அடம்பிடித்ததால் காலி இருக்கையில் ஒரு ஹெல்மெட்டைக் கட்டி, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய், உங்கள் ஊர் ரயிலில் ஜன்னலோரம் உட்காரவைத்து, "போய் வாருங்கள் ஐயா, அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்" என்று கையசைத்துவிட்டு வந்தேன். அந்த இருக்கையில் உட்கார வந்த அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை விடுங்கள். வீட்டு வாசலில் லராஸ் காத்திருந்தாள். "அவன் உங்களுக்கு முன்னாடியே வந்தாச்சுங்கப்பா. பசிக்குதாம்."

ஆகவே அண்ணா, அடுத்த ரயிலிலேயே புறப்பட்டு வாருங்கள். பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியின் இலக்கணத்தைக்கூடத் திருத்தக்கூடியவர் நீங்கள். அவன் தகுதியறிந்து அதற்குரிய பேச்சில் ஓர் அதட்டல் போட்டால் எழுந்து போய்விடுவான். பிறகு லராஸுக்குக் கூட்டாளியாக நான் ஒருவன்தான் மிச்சம். சோயா தெம்பே பொரித்து வைக்கிறேன். அண்ணிக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு, எல்லோருக்கும் நீண்ட ஆயுளைக் கடவுள் தரட்டும்.

பணிவுள்ள தம்பி,
பிரசோஜோ

பி.கு.: வரவேண்டாம். கடிதத்தை மடிக்கும் அவசரத்தில் யோசிக்காமல் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். லராஸ் ஓடி வந்து என் தோளில் ஓர் அடி போட்டு, "ஏய், தள்ளு! லெகி மேல உக்காந்திருக்க. கண்ணு தெரியலையா உனக்கு?" என்றாள். உனக்கு! அண்ணா, 'உனக்கு' என்றாள். ருமியாத்தி கரண்டியோடு ஓடி வந்தாள், கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். உடனே தள்ளி உட்கார்ந்து லெகியிடம் மன்னிப்புக் கேட்டேன். லராஸும் ஏறிக்கொண்டாள், மூன்று பேர் அந்த நாற்காலியில் கொஞ்சம் நெருக்கடிதான். நீங்கள் வந்தால் அவளைத் திருத்திவிடுவீர்கள். தயவுசெய்து வராதீர்கள்.