மூழ்க மறுத்த நாழிகைக் கிண்ணம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், இன்ஜினீயரிங்கும் முடித்தவள் நான். இதை யாரும் கேட்க வேண்டியதில்லை, நானே சொல்லிவிடுவேன். அந்த வியாதி முற்றியிருந்த காலத்தில்தான் 'நாழிகை டெக்' என்று ஒரு கம்பெனி தொடங்கினேன். (கம்பெனி என்றால் நான், ஒரு லேப்டாப், ஒரு செம்புக் கிண்ணம்.)

அந்தக் காலத்தில் அடியில் ஓட்டை போட்ட கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். உள்ளே நீர் ஏறி அது மூழ்கினால் ஒரு நாழிகை, அதாவது இருபத்து நான்கு நிமிடம். அதை வைத்து, கரண்ட் இல்லாத ஏலக்காய்த் தோட்டத்திலும் நேரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் கருவி செய்தேன். கிண்ணம் மூழ்கி, அடியில் உள்ள நெம்புகோலை அழுத்தும்; குழாய் திறக்கும். வீட்டில் பத்து முறை மூழ்கியது.

பாலக்காட்டில் புதுத் தொழில் தொடங்குவோருக்கு ஒரு தேர்வு. ஜெயித்தால் ஆறு மாதம் அங்கேயே தங்கி ஆய்வுக்கூடத்தில் கருவியை வளர்க்கலாம். தோற்றால் மறுபடியும் மூணாறில் ஜீப் சவாரிக்கு டோக்கன் கிழிக்க வேண்டும்.

அப்பா தேயிலை ஃபேக்டரியில் குழாய் ரிப்பேர் பார்ப்பவர். கிளம்புவதற்கு முந்தின நாள் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, இது எதுக்கு என்று கேட்டார்.

"சொன்னாப் புரியாதுப்பா" என்றேன். (படித்த வாய்.)

தேர்வில் மூன்று நடுவர்கள். அவர்கள் அவசரத்துக்காக ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் மூழ்கும் என்று அறிவித்து, கிண்ணத்தைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, முன்னோர் பெருமையை ஆரம்பித்தேன். ஐந்தாவது நிமிடத்தில் கல்லணையைக் கட்டி முடித்துவிட்டேன். கிண்ணம் மிதந்தது. பத்தாவது நிமிடத்தில் கோபுரத்தின் உச்சிக்குக் கல்லை ஏற்றினேன். அது வாத்து மாதிரி ஒரு சுற்று வந்தது. இருபதாவது நிமிடத்தில் என் கைவசம் இருந்த முன்னோர்கள் தீர்ந்துபோனார்கள்.

நடுவர்களில் ஒருவர் கொல்லங்கோட்டுப் பக்கத்து விவசாயி. "ஏனுங்க அம்மிணி, இது முழுகுமுங்களா, இல்ல நாங்க சாப்பிடப் போலாமுங்களா?"

கிண்ணத்தை எடுத்துத் திருப்பினேன். ஓட்டை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் கசிவடைக்கும் பசை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்ததில், தடவினால்கூடத் தெரியவில்லை.

அங்கேயே அப்பாவுக்குப் போன் போட்டேன். பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டேன் போல. ஹால் முழுக்கக் கேட்டது.

"பெரிய எடத்துக்குக் கொண்டு போற ஏனம். ஓட்டையோட போனா நம்மள என்ன நெனப்பாக? நாந்தான் அடைச்சேன்" என்றார். பிறகு, தொழில்காரருக்கே உரிய ஆவலோடு கேட்டார்: "ஒரு சொட்டு உள்ள எறங்குச்சா தாயி?"

இறங்கவில்லை. அன்று அந்த மேடையில் உருப்படியாக வேலை செய்த ஒரே தொழில்நுட்பம் அதுதான். எனக்கு இடம் கிடைக்கவில்லை. கொல்லங்கோட்டுக்காரர் மட்டும் வாசலில் என்னை நிறுத்தி, தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதாகச் சொல்லி அப்பாவின் நம்பரை வாங்கிக்கொண்டார். என் நம்பரை யாரும் கேட்கவில்லை.

இன்னும் டோக்கன்தான் கிழிக்கிறேன். போன வாரம் அம்மா புது இட்லித் தட்டு வாங்கி வந்தார். அப்பா அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, குழி குழியாக ஆராய்ந்துவிட்டு, சிரிக்காமல் என் பக்கம் திரும்பினார்.

"இந்த ஓட்டையெல்லாம் வேணுமா தாயி, அடைச்சிரவா?"