பத்துக்கு எத்தனை?

மனக்காயம் அளப்பவர் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் அலுவலகத்தில் இல்லையென்றால் வீட்டில் இருப்பார். வீட்டிலும் இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள், கடைசியில் சொல்கிறேன். நீங்கள் அவமானப்பட்டு உட்கார்ந்திருக்கும்போது, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, பத்துக்கு எத்தனைன்னு சொல்லுங்க" என்று கேட்பவர் இவர்தான்.

எங்கள் அலுவலக நலக்குழுச் செயலாளர் இதில் முதல் தரம். இரண்டு நாள் பயிற்சிக்குப் போனார். போகும்போது சாதாரண மனிதர். வரும்போது கையில் ஒரு படிவம். இருபத்திரண்டு கேள்விகள். மதிப்பெண் பத்துக்கு ஆறைத் தாண்டினால்தான் புகார் மேலதிகாரியிடம் போகும். தாண்டாவிட்டால்? தண்ணீர் குடித்துவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

ஒருநாள் கிடங்கு மேலாளர், தட்டச்சு செய்யும் அம்மாவின் பையிலிருந்து டைரியை எடுத்து, சாப்பாட்டு வேளையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். அதுவும் ராகம் போட்டு. அன்றிலிருந்து அந்த அம்மாவுக்கு உடம்பெல்லாம் ஏதோ அழுக்கு ஒட்டிக்கொண்ட மாதிரியே இருந்தது. மணிக்கு நாலு தடவை கை கழுவினார். புகார் போகாவிட்டால் வேலையை விட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் வந்தார். செயலாளர் பேனாவைத் திறந்தார்.

"அவர் உங்களைத் தொட்டாராம்மா?"

"இல்ல சார். டைரியைத்தான்."

"அப்ப அழுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

"தெரியல சார். ஆனா இருக்கு."

"'தெரியல'ன்னு கட்டமே இல்லையேம்மா. 'இல்லை'ன்னு போட்டுக்கறேன்."

மூன்றரை வந்தது. பெரிய மனசு பண்ணி நாலாக்கினார்.

கிடங்கு மேலாளருக்குக் குளிர்விட்டுப் போயிற்று. அடுத்த வாரம் அவர் திறந்தது செயலாளரின் மேஜை இழுப்பறையை. உள்ளே, செயலாளர் தன் மனைவிக்கு எழுதி, கொடுக்கத் தைரியம் இல்லாமல் மாதக்கணக்கில் வைத்திருந்த மன்னிப்புக் கடிதம். அதே சாப்பாட்டு வேளை, அதே ராகம்.

செயலாளர் நேராகக் குழாயடிக்குப் போனார். கழுவினார். துடைத்தார். மறுபடி கழுவினார். ராஜினாமாக் கடிதத்தோடு அவரைத் தேடித் தட்டச்சு அம்மா அங்கேயே வந்துவிட்டார்.

"யாராவது தொட்டாங்களா சார்?"

"இல்லம்மா." அவர் நிமிரவில்லை. "ஆனா இருக்கும்மா."

திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? எனக்கே நாக்கு துறுதுறுத்தது. அந்த அம்மா பையிலிருந்து தன் சோப்பை எடுத்துக் கொடுத்தார். "தண்ணியில மட்டும் போகாது சார். சோப்புலயும் போகாது. ஆனாலும் போடுங்க."

அன்றைக்கே புகார் மேலே போனது. இரண்டு கையெழுத்து, மதிப்பெண் கட்டம் காலி. ராஜினாமாக் கடிதம் குப்பைக் கூடைக்குப் போனது.

செயலாளரை நினைத்துச் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், அந்த அம்மா மணிக்கு நாலு தடவை கை கழுவினார் என்று படித்தபோது, 'ஒரு டைரிக்கா இவ்வளவு?' என்று உங்கள் மனசுக்குள் ஓடியதே, உண்மையைச் சொல்லுங்கள். எத்தனை போட்டீர்கள்?