உப்பு பிடித்த குழாயும் ஒரு பகல் தண்ணீரும்

பங்குனி மாதத்து ஒரு வியாழக்கிழமை, காலை மணி ஏழு பத்து. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிணற்று எஞ்சினை நான் என் வாயாலேயே நிறுத்தச் சொன்ன நேரம் அது. இவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்றால், அன்று விடிந்ததிலிருந்து நான் கைக்கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருப்பது பங்குக் கிணறு. பங்காளிகள் முறை வைத்து இறைக்கிறோம். என் பங்குக்கு எட்டு நாளைக்கு ஒரு பகல். முறையைத் தவறவிட்டால் போனதுதான். கெஞ்சினாலும் மாற்றித் தரமாட்டார்கள். (நானும் தந்ததில்லை.) மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காய் பிடிக்கிற நேரம். அன்று தண்ணீர் பாயாவிட்டால் அத்தனையும் பருப்பில்லாத பொக்கு. அந்த மகசூலை நம்பித்தான் மூத்தவள் வசந்தாவைச் சென்னையில் கல்லூரி விடுதியில் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். இல்லாவிட்டால் ஆவணியிலேயே கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று என் மாமனார் வீட்டில் ஒரு மாப்பிள்ளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

நான் விழுப்புரத்தில் உயர்நிலைப் பள்ளி விஞ்ஞான ஆசிரியர். (முறை நாளுக்காக அன்று லீவு போட்டிருந்தேன்.) ஆகவே யோசித்துச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அதற்கு என் மனைவியின் தம்பி தனகோபால்தான் காரணம் என்று இன்றும் சொல்வேன்.

அவன் தஞ்சாவூர்ப் பக்கம் எண்ணெய் தேடிப் பூமியைத் துளைக்கிற ஒரு முகாமில் வேலை பார்த்தான். லீவில் வந்திருந்தவன், கிணற்றிலிருந்து மேலேறும் இரும்புக் குழாயின் வாயைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"இன்னா மாமா இது, கொழந்த ஒண்ணுக்குப் போற மாதிரி வருது?"

"உள்ளே உப்பு பிடிச்சிருக்கு. இந்தத் தண்ணி வாகு அப்படி."

"எங்க எண்ணெய்க் கிணத்துலயும் இதே பேஜாருதான். உள்ள எறங்குற குழாயில பாறையாட்டம் படிஞ்சிடும். மணலை வேகமா பீச்சி அடிச்சா சுரண்டிக்கினு வந்துடும். ஒரு மணி நேர வேல மாமா."

அவன் அந்த முகாமில் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுப்பவன் என்பதை நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

பக்கத்துக் கொல்லையில் கிணற்றுப் பாறையைத் துளைக்க ஒரு கம்ப்ரசர் வந்து நின்றிருந்தது. அதை ஓட்டுகிறவர் இரண்டு பீடிக்குச் சம்மதித்தார். குழாயை மூன்று துண்டாகக் கழற்றித் தரையில் போட்டோம். காற்று போகிற ரப்பர் குழாயின் நடுவே தகரப் புனலைச் செருகி, சலித்த ஆற்று மணலைக் கொட்டினான் தனகோபால். முகத்தில் அக்காளின் பழைய புடவைத் துண்டு. மணல் சீறிக்கொண்டு பாய்ந்தது. குழாயின் மறுமுனையில் வெள்ளை வெள்ளையாக உப்பு தெறித்து விழுந்தது. பார்க்க வந்தவர்களுக்கு நான் அழுத்தம், வேகம், உராய்வு என்று பாடமே நடத்திவிட்டேன்.

என் பெரியப்பா மகன் கோவிந்தசாமி அண்ணன் மட்டும் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். அவர் இன்னும் மாடு பூட்டி இறைப்பவர்.

"வாத்தியாரே, தண்ணி எப்ப வரும்?"

"இதோ, ஆச்சுண்ணே."

"பொழுது ஏறிக்கினு போவுதே."

குழாயின் உட்புறம் புது எவர்சில்வர் டம்ளர் போல மின்னியது. பெருமை தாங்காமல் வசந்தாவைக் கூப்பிட்டு ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன்.

"அப்பா, பக்கத்துலயும் புள்ளி புள்ளியா வெளிச்சம் தெரியுதுப்பா. நட்சத்திரம் மாதிரி."

"அது ஒளி பிரதிபலிக்கிறதும்மா. வழவழப்பான பரப்பில் அப்படித்தான் தெரியும்."

பதினேழு வயதுப் பெண் உண்மையைச் சொன்னாள். பதினெட்டு வருடம் பாடம் நடத்தியவன் அவளைத் திருத்தினேன்.

பத்தரை மணிக்குக் குழாயை மாட்டி எஞ்சினைக் கிளப்பினோம். தண்ணீர் வந்தது. வாய்க்காலைத் தவிர எல்லாப் பக்கமும் வந்தது. நூறு ஓட்டைகளில் நூறு ஊற்றுகள். தனகோபால் நனைந்தான், கம்ப்ரசர்காரர் நனைந்தார், அண்ணன் பல்குச்சியோடு நனைந்தார். மல்லாட்டைக்கு ஒரு சொட்டு போகவில்லை.

சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றினோம். சாக்கைச் சுற்றினோம். கடைசியில் என் வேட்டியும் போனது. (துண்டோடு நின்றேன். பள்ளிக்கூடத்தில் இது தெரியாது.) ஒரு ஓட்டையை அடைத்தால் அடுத்தது அகலமானது. ஏழு பத்துக்கு ஓடிய அந்த விரல் கனத் தண்ணீரை அப்படியே விட்டிருந்தால் பாதிக் கொல்லையாவது நனைந்திருக்கும்.

"ஜல்தியா முடிச்சிட்டீங்க," என்றார் அண்ணன், தலையைத் துவட்டிக்கொண்டே. பிறகு சிரிப்பை நிறுத்தி, பைப் மிஸ்திரியைக் கூட்டிவரத் திண்டிவனத்துக்கு ஆள் அனுப்பினார். கேட்காமலேயே தன் மாடுகளையும் பூட்டிவிட்டார். அதற்குள் மணி இரண்டு. பொழுது சாய்வதற்குள் கால் பங்குதான் நனைந்தது.

அந்த வருடம் பாதிக்குமேல் பொக்கு. வசந்தா கல்லூரிக்குப் போகவில்லை. கல்யாணப் பேச்சை நான் ஒரு வருடம் தள்ளிப்போட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மறு வருடம் சேர்ந்துவிட்டாள். ஆனாலும் ஒவ்வொரு பங்குனியிலும் முறைக்கு முந்தின இரவே போய்க் குழாயைத் தடவிப் பார்த்துவிட்டு வருகிறேன். அவளுக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. நான் எதையாவது சுத்தம் செய்யப் போகிறேன் என்று அவள் தாய் எழுதிவிட்டால் போதும், விடுதியிலிருந்து கார்டு வந்துவிடும்: "அப்பா, உப்பு அப்படியே இருக்கட்டும்."

அந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று சொல்லி முடிக்கிறேன். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குத் திண்டிவனத்திலிருந்து பைப் மிஸ்திரி காதர் பாய் சைக்கிளில் வந்து சேர்ந்தார். குழாயைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பைப்பு துருப்பிடிச்சுப் போயி மூணு வருசமாவது இருக்கும் சார். இத்தினி நாளா ஓட்டைய அடைச்சிக்கினு ஒங்களுக்குத் தண்ணி குடுத்ததே அந்த உப்புதான். அதப் போயி வெரட்டிட்டீங்களே."