சித்தியவான் அக்காவின் சாறு

"இலைச் சாறு ஏதாச்சும் குடிக்கிறீங்களா அங்கிள்? உண்மையச் சொல்லுங்க. எங்க ஆஸ்பத்திரி ஆராய்ச்சிக்கும் இந்தப் பதில் வேணும்."

போன் திரையில் டாக்டர் கௌசிகா கேட்டபோது, சன்னாசியை ஒட்டி மனைவி மங்களம் உட்கார்ந்திருந்தாள். அதுதான் சிக்கல்.

'ஆமாம்' என்றால் வியாழக்கிழமை போடவேண்டிய கடைசி ஊசி தள்ளிப்போகும். அந்த ஊசி முடிந்தால்தான் அவர் மறுபடியும் பள்ளி வேன் ஓட்டலாம். 'இல்லை' என்றால் அவர் சாறு குடிப்பதில்லை என்பது மங்களத்துக்குத் தெரிந்துவிடும். மங்களத்துக்குத் தெரிந்தால் சித்தியவானில் இருக்கும் அவர் அக்காவுக்கும் தெரிந்துவிடும்.

சாறு அக்காவின் ஏற்பாடு. வாரம் தவறாமல் சித்தியவானிலிருந்து சபா பாம்புப்புல் என்ற மூலிகை இலை ஒரு கட்டு பஸ்ஸில் வந்துவிடும். தம்பியின் கழுத்துக் கட்டிக்கு அதுதான் மருந்து என்று அக்கா முடிவு செய்திருந்தாள். ஊசி மருந்தே நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுப்பதுதான் என்று டாக்டர் சொன்னதைச் சன்னாசி ஒருநாள் அவளிடம் உளறிவைத்தார்.

"அதுவும் இலை, இதுவும் இலை. குடிச்சா என்னாவாம்?"

அன்றிலிருந்து தினமும் காலையில் மங்களம் சாறு தயாரித்துக் கொண்டுவருவாள்; அக்கா வீடியோவில் வருவாள். தம்பி கையில் பச்சைக் கிளாஸைப் பார்த்த பிறகுதான் பசியாறப் போவாள்.

இலையெல்லாம் கூடாது என்று ஈப்போ மருத்துவமனையில் சொன்னபோது, மங்களம் அவரைவிட வேகமாகத் தலையாட்டினாள். ஆனால் அதை அக்காவிடம் சொல்லும் தைரியம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை.

முதல் நாள் சன்னாசி ஒரு வாய் குடித்தார். நாக்கு செத்துவிட்டது. மறுநாளிலிருந்து, அக்கா போனை வைத்த பிறகு, மங்களம் அந்தப் பக்கம் திரும்பியதும், சாறு ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டு மாயாண்டியின் பூந்தொட்டிக்குப் போனது.

"அங்கிள், லைன் இருக்கா?"

"இருக்கு டாக்டர்." எழுந்து வேறெங்கும் போகவும் முடியாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட அந்தப் பழைய தோட்டத்தில், அவர் வீட்டு ஜன்னலோரத்தில் மட்டும்தான் லைன் கிடைக்கும். "மங்களம், கொஞ்சம் தண்ணி கொண்டா."

மங்களம் உள்ளே போனாள்.

"டாக்டர், உள்ளதச் சொன்னா..." என்று அவர் தொடங்குவதற்குள் வந்துவிட்டாள். கையில் தண்ணீர் இல்லை. பச்சைக் கிளாஸ்.

"ஒங்கக்கா கூப்பிடற நேரம்ங்க" என்று நீட்டினாள்.

"அது என்ன அங்கிள், பச்சையா?"

"செண்டோல்." பச்சை என்றதும் அந்த ஐஸ் பண்டம்தான் அவர் வாயில் வந்தது.

"ஊசி போடறவங்க ஐஸ் கடைப் பக்கமே போவக்கூடாதுன்னு சொன்னேன்ல?"

"எனக்கில்ல டாக்டர்! பக்கத்து வீட்டு மாயாண்டிக்கு."

கிளாஸ் தெரியாதபடி போனைத் திருப்பினார். இப்போது திரையில் ஜன்னலும் அதற்கு வெளியே மாயாண்டியின் தொட்டியும் விழுந்தன. தொட்டியில் நித்தியகல்யாணி. நாள்தோறும் நனைந்து, இலைகள் உதிர்ந்து, மொட்டையாக நின்றது.

டாக்டரின் குரல் உயர்ந்தது. "அங்கிள்! அந்த இலையெல்லாம் எங்க போச்சு? மருந்து அதுலேர்ந்து வருதுன்னா, பறிச்சு அரைச்சுக் குடிச்சிடறதா? அது விஷம் லா! வியாழக்கிழமை ஊசி கெடையாது. மொதல்ல வந்து ஈரலச் செக் பண்ணுங்க."

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மாயாண்டி தலை நீட்டினான்.

"என் பேரு கேட்டுச்சே அண்ணே? நானே வரணும்னு இருந்தேன். ஒங்க பக்கத்துலேர்ந்துதான் எறும்பு வருது. தொட்டி பூரா எறும்பு லா. எவ்ளோ மருந்தடிச்சும் போவல."

"எறும்ப விடு. இந்தா, ஒன் செண்டோல்."

"எனக்கா?"

"தம்பி, அது வேணாம்!" என்று மங்களம் கை நீட்டினாள். சும்மா கிடைப்பதை மாயாண்டி தள்ளியதே இல்லை. ஒரே மூச்சில் இறக்கினான்.

"யாரு அவரு? அவருக்கும் கட்டியா?" என்றார் டாக்டர்.

மாயாண்டி கழுத்தைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "எனக்குக் கட்டியா? எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லல!"

சன்னாசியிடம் பொய் தீர்ந்துவிட்டது.

"டாக்டர், அது செண்டோல் இல்ல. எங்கக்கா அனுப்பற பாம்புப்புல்லு. மொத நாளு ஒரு வாய், அவ்ளோதான். மிச்சம் எல்லாத்தையும் அந்தத் தொட்டியிலதான் ஊத்துனேன். செடி செத்ததும் அதாலதான். ஊசிய மட்டும் நிறுத்திடாதீங்க. வேன் புள்ளைங்க எப்ப வருவீங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்குதுங்க."

மங்களத்தைப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தார்.

"ஐயோ, அப்ப அவரு குடிச்சது பாம்புப்புல்லா?" டாக்டர் திரைக்கு மிக அருகே வந்தார். "அவருக்கு என்ன செய்யுதுன்னு கேளுங்க!"

மாயாண்டி மெல்ல எழுந்தான். கிளாஸின் விளிம்பை நக்கினான். தொட்டியைப் பார்த்தான். மங்களத்தைப் பார்த்தான்.

"ஒண்ணும் செய்யல டாக்டர். வெறும் பண்டான் இலைத் தண்ணி, சீனி தூக்கலா. இப்பத்தான் தெரியுது, என் தொட்டிக்கு அம்புட்டு எறும்பும் எங்கேருந்து வந்துச்சுன்னு."